பதினான்கு பட்டியலும் ஒரு குறுக்குக் காற்றும்

கணினிக் கடைகள் நெருக்கிக் கிடக்கும் சென்னை ரிச்சி தெருவில் குரு என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஆசிரமம் இருக்காது. இரண்டாவது மாடியில் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு கடை இருக்கும். மாடிப்படியில் பாதியை அட்டைப் பெட்டிகள் அடைத்திருக்கும்.

சுஹராவுக்கு அப்படி ஒரு கடை இருந்தது. வயது முப்பத்து மூன்று. வருகிறவரின் தேவையைக் கேட்டு, அதற்கேற்ற பாகங்களைத் தேர்ந்தெடுத்து, கணினியாகப் பூட்டிக் கொடுப்பது தொழில். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

சீடர் வேதாசலத்துக்கு வயது ஐம்பத்தொன்று. அம்பத்தூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் தர ஆய்வாளராக இருந்தார். நகர்ந்து வரும் பாகங்களில் குறையுள்ளதைப் பொறுக்கி ஒதுக்குவது அவர் வேலை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தொழில் கற்க வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திருகாணி முடுக்குவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒயரை வகிடெடுத்ததுபோல் கட்டுவார். ஒதுக்க நன்றாகத் தெரியும். எடுக்கத்தான் வராது.

மூன்றாம் தேதி காலையில் ஜெனிட்டா வந்தாள். தூத்துக்குடிப் பெண். நகரத்துக்கு வெளியே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள்.

"அக்கா, ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடுற மாதிரி ஒரு சிஸ்டம் வேணும். சீக்கிரமா வேணும்."

"எதுக்கு? விளையாடவா?"

"இறங்குறதுக்கு."

அவள் சொன்னது இது: விமானத்தைத் தரையிறக்கும் சோதனையில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். இருபதாம் தேதி மூன்றாவது சோதனை. அதிலும் தோற்றால் பள்ளியின் விதிப்படி பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர முடியாது. நிஜ விமானத்தில் பழக வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் முறை வருகிறது. மீதி நேரம் விடுதி அறையில், திரையில் விமானம் ஓட்டிப் பழக வேண்டும்.

மாஸ்டர் வேதாசலத்தைப் பார்த்தார்.

"சார், இது உங்க வேலை. என்னென்ன பாகம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் கை வைக்க மாட்டேன்."

வேதாசலம் எழுந்து நின்றுவிட்டார். "மானிட்டர் எத்தனைம்மா? ஒண்ணா, மூணா? என்ன ரெசல்யூஷன்?"

"எனக்குத் தெரியாது அங்கிள். ஓடுபாதை தெரிஞ்சா போதும்."

வேதாசலம் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் முதல் பட்டியல் வந்தது. மாலையில் இரண்டாவது வந்தது. முதல் பட்டியலில் இருந்த ப்ராசசர் சூடாகிறது என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தாராம்.

மூன்றாவது பட்டியலில் கிராபிக்ஸ் கார்டு பெரியதானது. கார்டு பெரியதானதால் பெட்டி பெரியதானது. பெட்டி பெரியதானதால் விசிறிகள் கூடின. விசிறிகளின் சத்தம் என்ஜின் சத்தத்தைக் கெடுக்கும் என்று நான்காவது பட்டியலில் விசிறிகள் மாறின.

"சார், அந்தப் பொண்ணுக்கு இருபதாம் தேதி."

"ஞாபகம் இருக்கு மாஸ்டர். இந்த சிமுலேட்டர்ல எல்லாரும் கிராபிக்ஸ் கார்டுலதான் பணத்தைக் கொட்டுவாங்க. ஆனா பாரம் பூரா ப்ராசசர் மேலதான் விழும். அதுவும் ஒரே ஒரு கோர் மேல. ரொம்பப் பேருக்கு இது தெரியாது."

"உங்களுக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது."

"அப்போ எடுங்க."

"எந்த ப்ராசசர்ங்கிறதுலதான் மாஸ்டர் ரெண்டு கருத்து இருக்கு."

எட்டாம் தேதி நண்பகல், ஏழாவது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேதாசலம் முறைப்படி ஒரு கேள்வி கேட்டார்.

"மாஸ்டர், எது சரியானதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மாஸ்டர் பணத்தை எடுத்து நீட்டினார். "சாப்பாடு வாங்கிட்டு வாங்க சார். ரெண்டு பேருக்கும்" என்றார்.

வேதாசலம் போனார். பத்து நிமிடத்தில் இரண்டு பொட்டலங்களோடு திரும்பினார்.

"கீழ எத்தனை சாப்பாட்டுக் கடை இருக்கு?"

"ஏழு, எட்டு இருக்கும்."

"எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"இல்ல மாஸ்டர். பசி. முதல்ல கூட்டம் குறைவா இருந்த கடையில வாங்கிட்டேன்."

மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். வேதாசலம் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் யோசித்தார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டதுபோல இருந்தது. மாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார்.

"ஆனா மாஸ்டர்," என்றார் வேதாசலம், "சாப்பாட்டுக்கு அளந்து மார்க் போடுற பெஞ்ச்மார்க் கிடையாது. கம்ப்யூட்டர் அப்படி இல்லையே."

மாஸ்டர் மோரை எடுத்துக் குடித்தார்.

பதினோராம் தேதி ஜெனிட்டா நேரில் வந்தாள். அப்போது பட்டியல் பத்து.

"அங்கிள், ரெடியா?"

"அதும்மா, அடுத்த மாசம் ஒரு புது ப்ராசசர் வருது. அதுல கேஷ் மெமரி அதிகம். இந்த சிமுலேட்டருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுத்தோம்னா..."

"அடுத்த மாசம் நான் ஊர்ல இருப்பேன் அங்கிள். அப்பா கூட உக்காந்து வலையைப் பிரிச்சுக்கிட்டு இருப்பேன்."

"அப்படிச் சொல்லாதம்மா."

"நான் சொல்லல. பத்து லிஸ்ட் சொல்லுது."

அவள் போனதும் வேதாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் இருந்த பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"மாஸ்டர், நான் தப்பா எடுத்து, அதனால அந்தப் பொண்ணு ஃபெயிலாயிட்டா?"

"சார், உங்க உதவி இல்லாமலே அந்தப் பொண்ணு ரெண்டு தடவை ஃபெயிலாயிருக்கா."

"அதான் மாஸ்டர் பயமா இருக்கு."

"எனக்கும்தான் சார் பயமா இருக்கு. பத்து லிஸ்ட்டையும் நீங்க எங்கிட்டதான் படிச்சுக் காட்டுறீங்க."

பதினாறாம் தேதி காலையில் பதினான்காவது பட்டியல் மேசைக்கு வந்தது. தட்டச்சு செய்து, அச்சடித்து, மூலையில் பின் அடித்திருந்தார். மூன்று பக்கம். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரில் அதைத் தேர்ந்த காரணம், அதை எதிர்ப்பவர்களின் காரணம், அவர்களுக்குப் பதில்.

"இதுதான் மாஸ்டர். இதுக்கு மேல குறை சொல்ல முடியாது."

"அப்போ ஆர்டர் போடலாமா?"

"ஒரு தடவை மட்டும் சரி பாத்துட்டு..."

மாஸ்டர் கையை நீட்டினார். பட்டியலை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். தான் கை வைக்க மாட்டேன் என்று சொன்னதற்கு அன்றோடு பதிமூன்று நாள். படித்து முடித்ததும் ஜெனிட்டாவுக்கு போன் செய்து வரச் சொன்னார்.

அவள் வந்தபோது கடை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை.

"உக்காரு."

"சிஸ்டம் எங்கக்கா?"

"இல்ல. இதான் விமானம். கண்ணை மூடிக்கிட்டு இறக்கு."

"இங்கயா? இவ்வளவு பேர் பாக்குறாங்களே."

பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் சாய்ந்து நின்றிருந்தார்கள். "பாத்து இறக்கும்மா, கீழ என் கடை இருக்கு" என்றார் ஒருவர்.

"ரெண்டு தடவை எப்படி ஃபெயிலானியோ, அப்படியே இறக்கு."

ஜெனிட்டா கண்ணை மூடினாள். வலது கை, அங்கே இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்தது. இடது கை, அங்கே இல்லாத ஒரு ஸ்டியரிங் வளையத்தைப் பற்றியது.

"ஐந்நூறு அடி. ஓடுபாதை நேரா இருக்கு. காத்து இடது பக்கத்துலருந்து அடிக்குது. தள்ளிரக்கூடாதுன்னு மூக்கை இடது பக்கமா வச்சு வர்றேன். இருநூறு. நூறு. வேகத்தைக் குறைக்கிறேன்." தோள்கள் இறுகின. கை மெல்லப் பின்னால் வந்தது. "இருபது. இப்ப மூக்கை நேராக்கணும். நேராக்கணும்..." இடது கை வலது பக்கம் சாய்ந்தது. "இங்கதான் அக்கா. சக்கரம் குறுக்கா படுது. விமானம் துள்ளிருது. பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்கிற சார் உடனே பிடிச்சுக்குவாரு. அவ்வளவுதான்."

கண்ணைத் திறந்தாள். நெற்றியில் வியர்வை.

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தொடக்கத்திலிருந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேதாசலம் சார், என்ன பாத்தீங்க?"

"கடைசியில கை கொஞ்சம் அவசரப்படுது."

"கால்?"

"கால் என்ன?"

"அதைத்தான் கேக்குறேன். என்ன பண்ணுச்சு?"

வேதாசலம் குனிந்து பார்த்தார். ஜெனிட்டாவின் கால்கள் செருப்போடு செருப்பாக, பசை போட்டு ஒட்டியதுபோல் தரையில் இருந்தன.

"சும்மா இருக்கு மாஸ்டர்."

"நிஜ விமானத்துல மூக்கை எதால நேராக்கறது?"

"காலாலதான். கீழ ரெண்டு மிதி இருக்கும். இடது பக்கக் காத்துன்னா கடைசி நேரத்துல வலது மிதியை அழுத்தணும்." இதைச் சொல்லும்போது வேதாசலத்தின் குரலில் தேர்வில் தெரிந்த கேள்வி வந்த மகிழ்ச்சி இருந்தது. "அது தெரியும் மாஸ்டர்."

"எங்க சார் சொல்லிச் சொல்லித் திட்டுவாரு," என்றாள் ஜெனிட்டா. "'கால், கால்'னு கத்துவாரு. அந்த நேரத்துல எனக்குக் காலே இருக்கிறது மறந்துரும்."

மாஸ்டர் மூன்று பக்கப் பட்டியலை வேதாசலத்திடம் நீட்டினார்.

"இதுல காலுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

வேதாசலம் முதல் பக்கத்தைப் பார்த்தார். புரட்டினார். மூன்றாம் பக்கத்துக்கு வந்து, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு பையைத் திறந்து பழைய பட்டியல்களை எடுத்தார். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"எதுலயும் இல்ல மாஸ்டர்."

"பதினாலுலயுமா?"

"அது கம்ப்யூட்டர் பாகம் இல்லையே. வெளியில செருகறது. பாகங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீங்க, நான் பெட்டிக்குள்ள இருக்கிறதை மட்டும்தான் கணக்குல எடுத்துக்கிட்டேன்."

மாஸ்டர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு பெட்டிக்குள்ளயா சார் உக்காரப் போறா?"

வேதாசலத்தின் முகம் சுருங்கிவிட்டது. எல்லார் முன்னிலையிலும் தலை குனிந்து நின்றார். ஜெனிட்டாவுக்கே பாவமாக இருந்தது. "விடுங்க அங்கிள், நானே சொல்லலையே" என்றாள்.

"இல்லம்மா. என் தப்புதான். நான் கேட்டிருக்கணும். இப்பவே சரி பண்றேன்."

அவர் தன் மேசைக்குப் போனார். அரை மணி நேரம் எழுதினார். மாஸ்டர் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. பிறகு அவர் ஒரு தாளுடன் வந்தார்.

"மாஸ்டர், மிதியில ஒன்பது வகை இருக்கு. சென்சார் ரெண்டு விதம். ஒண்ணு தேயாது, ஒண்ணு நுணுக்கமா இருக்கும். ஸ்பிரிங் இழுவை மாத்துற வசதி நாலுல மட்டும்தான் இருக்கு. ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டிருக்கேன்."

"இது பதினஞ்சாவது."

"இது வேற வகை மாஸ்டர். இதுல இது முதலாவது."

"எப்ப கையில வரும்?"

"நல்லது வர்றதுக்கு ஒரு வாரம்."

மாஸ்டர் சுவரில் இருந்த நாட்காட்டியை ஒரு முறை பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில், மூடிப்போன ஒரு கேமிங் சென்டரிலிருந்து யாரோ வாங்கிப் போட்டிருந்த கார் பந்தய மிதிகள். ஒன்று ஆக்சிலரேட்டர், ஒன்று பிரேக். பிரேக்கின் ரப்பர் பாதி கிழிந்திருந்தது.

"மாஸ்டர், இது கார் மிதி!"

"தெரியுது."

"விமானத்துல ஒரு மிதி முன்னால போனா இன்னொண்ணு பின்னால வரும். இது ரெண்டும் தனித்தனியா போகும். நிஜம் மாதிரியே இருக்காது."

"அழுத்தினா அழுந்துமா?"

"அழுந்தும். ஆனா..."

"பலகை எடுங்க சார். ட்ரில்லையும் எடுங்க."

பலகையில் மிதிகளைத் திருகினார்கள். பிறகு மாஸ்டர் அலமாரியிலிருந்து பாகங்களை எடுத்தார். போன மாதத்து ப்ராசசர் ஒன்று. அதற்குப் பொருந்தும் போர்டு. வேண்டிய அளவு ராம். வாடிக்கையாளர் ஒருவர் புதிது வாங்கியதால் திருப்பிக் கொடுத்திருந்த கிராபிக்ஸ் கார்டு. ஒரு மானிட்டர், கைக்கு ஒரு பழைய ஜாய்ஸ்டிக். எடுக்க ஆன நேரம் நான்கு நிமிடம். வேதாசலம் ஒவ்வொன்றையும் பார்த்து மூச்சை உள்ளே இழுத்தார். நான்கைந்து முறை இழுத்தார்.

மூன்று மணிக்கு இயந்திரம் ஓடியது. இடது மிதி மூக்கை இடது பக்கம் திருப்பியது, வலது மிதி வலது பக்கம் திருப்பியது. மாஸ்டர் சிமுலேட்டரின் அமைப்புகளைத் திறந்து மேகங்களைக் குறைத்தார். சாலையில் போகும் கார்களை நீக்கினார். மரங்களைக் கடைசி அளவுக்கு இறக்கினார்.

"மரமெல்லாம் அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு மாஸ்டர்."

"மரத்து மேல இறங்கப் போறதில்ல சார்."

"செகண்டுக்கு முப்பத்தெட்டு ஃபிரேம்தான் காட்டுது."

திரையின் மூலையில் அந்த எண் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மேசையிலிருந்து ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டினார்.

"இப்ப எவ்வளவு?"

வேதாசலம் டேப்பின் ஓரத்தில் எட்டிப் பார்த்தார்.

ஜெனிட்டா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் இடது பக்கத்துக் காற்றைப் பலமாக வைத்தார். முதல் முறை விமானம் புல்வெளியில் இறங்கியது. இரண்டாவது முறையும் புல்வெளி. மூன்றாவது முறை அவள் மிதியை அழுத்தினாள், ஆனால் தப்பான மிதி. "என் கடை போச்சு" என்றார் பக்கத்துக் கடைக்காரர். பதினேழாவது முறை மூக்கு நேரானது. பதினெட்டாவது முறை நேராகவில்லை. இருபத்தோராவது முறைக்கு மேல் அவள் கால்களைப் பார்ப்பதை நிறுத்தினாள். கால்கள் தாமாகவே எதையோ தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தன.

ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். பலகையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

வேதாசலம் ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்தார். "அந்த மிதிக்கு ரப்பராவது மாத்திக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

பிறகு நான்கு நாள் அவள் போன் செய்யவில்லை. வேதாசலம் மூன்று முறை போன் செய்யப் போய், மாஸ்டர் முகத்தைப் பார்த்து வைத்துவிட்டார்.

இருபதாம் தேதி காலை பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பாஸ்னு கையெழுத்துப் போட்டுட்டாரு!"

வேதாசலம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கண் கலங்கிவிட்டது. "எப்படிம்மா இறங்கின? சொல்லு, சொல்லு."

"அழகா எல்லாம் இல்ல அங்கிள். ஒரு தடவை லேசா துள்ளுச்சு. ஆனா மூக்கு நேரா இருந்துச்சு. காத்து வேற பயங்கரமா அடிச்சுது. காத்தைக் காட்ட அங்க கம்பத்துல கட்டியிருக்கிற துணிப் பை விறைச்சுப் போய் நிக்குது. சோதிக்க வந்தவரே பாத்துட்டு, 'இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, வேணும்னா நாளைக்கு வா, தோத்ததா எழுத மாட்டேன்'னாரு."

"அப்புறம்?"

"இன்னைக்கே போறேன்னுட்டேன். சரி அங்கிள், கூப்பிடுறாங்க. அக்கா, ரொம்ப தேங்க்ஸ்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வேதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர்களிடம் போய்ச் சொன்னார். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் நெற்றி சுருங்கத் தொடங்கியது. மாஸ்டருக்கு அந்தச் சுருக்கம் எட்டு மாதப் பழக்கம்.

"ஒரு சந்தேகம் மாஸ்டர்."

மாஸ்டர் திருப்புளியைக் கீழே வைத்தார். "கேளுங்க சார்."

"அவரே நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. தோத்ததாவும் எழுத மாட்டேன்னு சொல்லியிருக்காரு. ஒரு நாள் பொறுத்திருந்தா காத்து அடங்கியிருக்கும். இன்னும் நல்லா இறங்கியிருக்கலாமே. அந்தப் பொண்ணு ஏன் அவசரப்பட்டா?"

மாஸ்டர் திருப்புளியை மறுபடி கையில் எடுத்தார்.

"நாளைக்கு வேற காத்து அடிக்கும் சார்."